நான் சொல்லாமல் விட்ட நெருப்பு உருண்டை

மகன்,

நீ அனுப்பிய போட்டோ போன கிழமை என் போனுக்கு வந்து சேர்ந்தது. தோட்டத்து ஒப்பீசில் கிடந்த பழைய தீ விபத்து விசாரணைக் கோப்பிலிருந்து உன் அம்மாவின் வாக்குமூலத்தைத் தேடிப் பிடித்துவிட்டாய். சிங்களத்தில் ஒரு பக்கம், கீழே அவளுடைய கோணல் கையெழுத்து. கூடவே உன் கேள்வி: "அப்பா, இதுல மின்னல் அடிச்சிச்சின்னு மட்டுந்தான் இருக்கு. உருண்டையப் பத்தி ஒரு சொல்லுகூட இல்ல. அம்மா பொறகு எங்கயாவது கேள்விப்பட்டு சேத்துக்கிட்டாங்களோ? அப்படின்னா என்னோட மின்னல் ஆய்வுல இத எடுக்க முடியாதே." மூன்று நாள் பதில் போடாமல் இருந்தேன். நீ போன் எடுத்தபோது சிக்னல் இல்லை என்று புளுகினேன். இப்போது கையால் எழுதுகிறேன், ஏனென்றால் போனில் சொல்லத் தொடங்கினால் நடுவில் பேச்சை மாற்றிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அடுத்த மாதம் நீ மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறாய். அம்மா கதை கட்டியிருக்கிறாள் என்ற நினைப்போடு நீ விமானம் ஏறக் கூடாது. அவள் எதையும் சேர்க்கவில்லை. அந்தத் தாளில் இருப்பது அவள் சொன்னதே இல்லை. அதைச் சொன்னவன் நான்.

உனக்கு அப்போது ஆறு வயது, பாதிதான் ஞாபகம் இருக்கும். ருவான்வெல்லைப் பக்கம் நம்முடைய இறப்பர் தோட்டத்தில் நான் தபால்காரன். காலையில் ஒப்பீஸ் கடிதப் பையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனால் மத்தியானம் திரும்புவேன். உத்தியோகம் அவ்வளவுதான், ஆனால் எனக்கு இருந்த தலைக்கனம் தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்குக்கூட இருந்திருக்காது. எல்லாம் என் சிங்களத்தால் வந்தது. தபால் கந்தோரிலோ பஸ்சிலோ நான் வாயைத் திறந்தால் தோட்டத்து ஆள் என்று ஒருவருக்கும் தெரியாது. லயத்து வீடுகளில் யாருக்காவது பிறப்புச் சான்றிதழ் எடுக்க வேண்டுமா, பொலிசுக்குப் போக வேண்டுமா, என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். உன் அம்மா மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சிங்களத்தில் ஒரு சொல் தெரியாமல்தான் என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம். தன் பெயரை எழுதுவாள், அதற்கு மேல் வாசிக்க வராது. நான் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல், கடையில் அவள் சாமான் கேட்கத் திணறுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணமான புதிதில் அதைப் பாசம் என்று நினைத்தேன்.

அவள் வேலை செய்தது தோட்டத்துப் புகை வீட்டில். இறப்பர் பாலை உறைய வைத்து, ரோலரில் மெல்லியதாக இழுத்து, அந்த ஷீட்டுகளைத் துணி காயப் போடுகிற மாதிரி கம்புகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, நாள்கணக்காகப் புகை போடுகிற கட்டிடம் அது. அடுப்பு வெளிப்பக்கம் இருக்கும். விறகு தள்ளுவதும், அடுப்புக் கதவைச் சாத்துவதும், ஷீட்டைத் திருப்பிப் போடுவதும் அவள் பொறுப்பு. சித்திரை மாதம், மூன்று மணி இருக்கும். காலையெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. நான் டவுனிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கூரைத் தகரம் அதிர ஒரு இடி. கொஞ்ச நேரத்தில் புகை வீட்டுப் பக்கம் கூச்சல். ஓடிப் போய்ப் பார்த்தால் கடைசி அறை பற்றி எரிகிறது. உன் அம்மா வெளியே மழையில் குந்திக்கொண்டிருந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

தீ அடங்கி வீட்டுக்கு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "என்னாங்க, சொன்னா நம்புவீங்களா? அந்தப் பெரிய இடி விழுந்தப்ப அர்ச்சுனா அர்ச்சுனான்னு சொல்லிக்கிட்டு கதவு கிட்ட நின்னேன். தண்ணி ஓடுற கான் பக்கத்துல இருந்து ஒரு உருண்ட வந்துச்சுங்க. உரிச்ச தேங்கா அளவு. பழுத்த பப்பாசி நெறம். என் இடுப்பு ஒசரத்துல, அவசரமே இல்லாம வந்துச்சு. எண்ணெயில கருவேப்பில போட்ட மாதிரி ஒரு சத்தம். என்னையத் தாண்டி உள்ளுக்குப் போச்சு. சூடே இல்லங்க. மொத வரிசை ஷீட்டு, ரெண்டாவது வரிசை, எதையும் தொடல. கடசி செவுத்துக்கிட்ட போயி நின்னுச்சு. வெடி போட்ட மாதிரி ஒடைஞ்சிச்சு. அதுக்கு அப்புறந்தான் நெருப்பு."

நான் நம்பினேன். இதை நீ நன்றாகக் குறித்துக்கொள். அவள் பொய் பேசத் தெரியாதவள் என்பது மட்டும் காரணமில்லை. அந்த உருண்டை போன பாதையை, அளந்து வைத்த மாதிரி, கையால் காட்டினாள். நம்பாமல் செய்திருந்தால் நான் வெறும் முட்டாள். நம்பிவிட்டுத்தான் செய்தேன்.

நாலு நாள் கழித்து ஒப்பீசில் விசாரணை. பெரிய துரை, கொழும்பிலிருந்து விசாரிக்க வந்த ஒரு அதிகாரி மஹத்தயா, எழுதுவதற்குக் கிளாக்கர். மூன்று பேரும் சிங்களவர். அம்மாவுக்குப் பாஷை தெரியாது என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். வருடக்கணக்காக அந்த ஒப்பீசுக்குள் நுழைந்து பையை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு வருகிறவன் நான். அன்றைக்குக் கொழும்பு மஹத்தயா என்னைப் பார்த்து "வாடி வென்ன" என்றார். உட்காருங்கள் என்று. நாற்காலியையும் அவரே காட்டினார். நான் உட்கார்ந்தேன். உன் அம்மா நின்றாள். அவளுக்கும் ஒரு நாற்காலி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் வீட்டில் சொன்னதை வரி பிசகாமல் சொன்னாள். தேங்காய், பப்பாசி, கருவேப்பிலைச் சத்தம், எல்லாம். அர்ச்சுனனையும் விடவில்லை. நான் சொல்ல வேண்டியது "கினி போலயக்" என்ற இரண்டே சொல். நெருப்பு உருண்டை ஒன்று. அது எனக்குத் தெரியாத சிங்களமா? ஆனால் கொழும்பு மஹத்தயா பேனாவை வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார். அந்த முகத்தில் ஒரு சிரிப்பு தயாராக இருப்பதாக எனக்குப் பட்டது. தோட்டக்காட்டான் பேய்க்கதையோடு வந்திருக்கிறான் என்று போகிற வழியெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள் என்று பட்டது. பூசி மெழுகினேன். "அகுணக் கெஹுவா" என்றேன். மின்னல் அடித்தது, கூரையில் அடித்தது, தீப்பிடித்தது, இவள் பயந்து வெளியே ஓடிவந்தாள். படித்த மனுசன் பேசுகிற அழகான சிங்களம். கிளாக்கர் மடமடவென்று எழுதிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்து, "அவ்வளவுதானா? எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?" என்றாள். "சொல்லிட்டேன், நீ சும்மா நில்லு" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அந்த மனுசன் கேட்டார்: கூரைத் தகரத்தில் ஓட்டை இல்லை, கருகல் இல்லை, பக்கத்தில் ஒரு மரம்கூடப் பிளக்கவில்லை, மின்னல் எங்கே அடித்தது? நான் திரும்பி அவளைக் கேட்டேன். "கூரையில அடிக்கலங்க. வாசலால வந்துச்சின்னு சொன்னேனே!" என்றாள். அந்த இடத்தில் எல்லாவற்றையும் திருத்தியிருக்கலாம். திருத்தினால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பொய் சொன்னவன் ஆகிவிடுவேன். "சரியாகத் தெரியாது என்கிறாள்" என்று சிங்களத்தில் சொன்னேன். முடிந்தது. அடுப்புக் கதவைத் திறந்து போட்டுவிட்டு, பொறி பறந்து தீப்பிடித்ததும் மின்னல் மேல் பழியைப் போட்டாள் என்று முடிவு எழுதினார்கள். தாளை நீட்டினார்கள். "போடு" என்றேன். போட்டாள். உன் போனில் இருக்கிற கையெழுத்து அதுதான்.

அவளைப் புகை வீட்டிலிருந்து எடுத்துவிட்டு, மேட்டு மலையில் இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போட்டார்கள். எரிந்த அறையைத் திரும்பக் கட்டவில்லை. அதனால் அங்கே இருந்த இன்னும் இரண்டு பெண்களுக்கும் வேலை மாறியது. பீலியில் தண்ணி பிடிக்கப் போனால் அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். தீ வச்சவ என்று பெயர் வைத்தார்கள். உன்னைப் பள்ளிக்கூடத்தில் நெருப்புப் பெட்டி என்று கூப்பிட்டது உனக்கே நினைவிருக்கும். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் உதடு வெடித்து வந்து நின்றாய். "அப்பா, அம்மா சொல்ற மாதிரி நெருப்பு உருண்ட நெசமா இருக்கா?" என்று கேட்டாய். அம்மா அடுப்படியில் இருந்தாள், கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் "பயத்துல கண்ணு கூசியிருக்கும் மகன், விடு" என்றேன். ஒப்பீசில் மாற்றிச் சொன்னதற்கு நாற்காலியைச் சாக்குச் சொல்லலாம். உன்னிடம் சொன்னதற்கு என்ன சாக்கு இருக்கிறது? ஒன்றும் இல்லை.

பல்கலைக்கழகம் போன முதல் வருடத்தில் நீ போன் எடுத்து, பந்து மின்னல் என்று ஒன்று இருக்கிறது, உலகம் முழுக்க ஆட்கள் கண்டிருக்கிறார்கள் என்று கத்தினாய். ஸ்பீக்கரில் கேட்ட அம்மா, "நான் சொன்னதுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ அனுப்பிய கட்டுரைகளை எல்லாம் போனிலேயே தமிழாக்கித் தட்டுத் தடுமாறி வாசித்திருக்கிறேன். எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், பிழை என்றால் சிரிக்காதே. மின்னல் மண்ணில் இறங்கும்போது மண்ணில் உள்ள சிலிக்கா, அங்கே கிடக்கிற கரியோடு சேர்ந்து, சிலிக்கன் ஆவியாகிக் கிளம்புகிறது, அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மெதுவாக எரிவதுதான் உருண்டை என்கிறது ஒரு கட்சி. எங்கோ மேட்டு நிலத்தில் சாதாரண மின்னலை ஆராயப் போனவர்களின் கருவியில் தற்செயலாக ஒரு உருண்டை மாட்டி, அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சிலிக்கனும் இரும்பும் கல்சியமும் தெரிந்ததாம். எல்லாம் மண்ணில் கிடப்பவை. உனக்கும் அந்தக் கட்சிதான் பிடிக்கும் என்று தெரியும். மின்னலில் பிறக்கிற நுண்ணலை ஒரு பிளாஸ்மாக் குமிழுக்குள் மாட்டிக்கொண்டு அதை அணையாமல் வைத்திருக்கிறது என்கிறது இன்னொரு கட்சி. மூடிய கண்ணாடி ஜன்னலைத் தாண்டி அது எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று கேட்டால், கண்ணாடியின் வெளிப்பக்கம் மின்னூட்டம் சேர்ந்து உட்பக்கத்துக் காற்றை ஒளிர வைக்கிறது என்கிறார்கள் வேறு சிலர். கடைசிக் கட்சிக்காரர்கள், வெளியே ஒன்றுமே இல்லை, பக்கத்தில் இடி விழும்போது உண்டாகிற காந்தப் புலம் மூளையைத் தட்டுவதால் பார்க்கிற ஆள், அங்கே இல்லாத ஒரு வெளிச்சத்தைக் காண்கிறான் என்கிறார்கள். அதை வாசித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஷீட் எரிந்து சாம்பலானதே, ஷீட்டுக்கும் மூளை இருந்ததா என்று தனியாக இருந்து திட்டினேன். பாதித் திட்டில் நாக்கு நின்றுவிட்டது. கண்ணு கூசியிருக்கும் என்று உனக்குச் சொன்னவன் யார்?

ஒவ்வொரு கட்டுரையிலும் முன்பக்கத்தில், கண்டவர்கள் சொன்னது என்று ஒரு பகுதி வருகிறது. மெதுவாக வந்தது, இடுப்பளவு உயரத்தில் வந்தது, பொரிகிற சத்தம் கேட்டது, பக்கத்தில் வந்தும் சூடு தெரியவில்லை, கடைசியில் வெடித்தது. ஒப்பீசில் நான் எதையெல்லாம் வெட்டி எறிந்தேனோ அத்தனையும் அங்கே வரிசையாக இருக்கிறது. நெருப்புக்குச் சூடு இல்லை என்றால் எந்த மடையன் நம்புவான் என்று அன்றைக்கு நினைத்தேன். எத்தனையோ படித்தவர்கள் இத்தனை விளக்கம் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில், முடிவாகத் தெரியவில்லை என்று கூசாமல் எழுதுகிறார்கள். நானும் அதைச் சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தெரியாது, இவள் சொல்வது இது. மொழிபெயர்க்கிறவனுக்கு அதைவிட வேறு என்ன வேலை?

அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்பாய். தெரியும். மேட்டு மலையில் அவளோடு பால் வெட்டியவர்கள் பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்கள். அவர்களோடு வெற்றிலை போட்டுப் போட்டே பாஷை பிடித்துக்கொண்டாள். என்னுடையது ஒப்பீஸ் சிங்களம். அவளுடையது சண்டை போடவும் சிரிக்கவும் தெரிந்த சிங்களம். நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம், நாங்கள் இரண்டு பேரும் வரக்காப்பொலயில் எள்ளு மிட்டாய், அந்தத் தலகுலி, வாங்க இறங்கினோம். கடையில் அந்தக் கிளாக்கர், பென்சன் எடுத்து நரைத்துப் போய் நின்றார். அம்மா அவரிடம், இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்: "கினி போலயக்" என்று நான் சொன்னதை நீங்கள் மூன்று பேரும் ஏன் நம்பவில்லை? அவர் விழித்தார். அப்படி ஒரு சொல்லை யாரும் சொல்லவில்லையே என்றார். சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன், எங்கள் ஊர் வயலில் என் மாமாவே அப்படி ஒன்றைக் கண்டிருக்கிறார், ஊரில் யாரும் அவரைப் பொய்யர் என்று சொன்னதில்லை என்றார். நான் யாருடைய சிரிப்புக்குப் பயந்தேனோ, அவர்களில் ஒருவர் அதைச் சொன்னார். நான் தலகுலிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பஸ்சில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். ஒரு கிழமை பேசவில்லை. பிறகு ஒரு நாள் சோற்றை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அவங்க என்னைய நம்பலன்னு இத்தன வருசமா அவங்களத் திட்டிக்கிட்டு இருந்தேன். பாவம். அவங்க காதுக்கே போகல" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. "ஒன்னைய நாலு பேரு சிரிக்கக் கூடாதுன்னுதான்" என்று இழுத்தேன். "என்னைய யாரு சிரிச்சா ஒங்களுக்கு என்னங்க? ஒங்களச் சிரிப்பாங்கன்னு பயந்தீங்க" என்றாள். உண்மைதான். "மகனுக்குச் சொல்லிறாதீங்க, படிக்கிற புள்ள, மனசு ஒடைஞ்சிரும்" என்று அவளே சொன்னாள். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. அவள் பெருந்தன்மைக்குள் இத்தனை வருடம் ஒளிந்துகொண்டு, நல்ல தகப்பன் என்ற பெயரை உன்னிடமிருந்து வாங்கிக்கொண்டு இருந்தேன்.

நீ இனி ஊர் ஊராகப் போய் ஆட்களைக் கேட்கப் போகிறாய். நீ அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன்: விட்டம், நிறம், நேரம், மணம், சத்தம். கடைசிக் கட்டத்தில் சாட்சியின் நம்பகத்தன்மை. நல்லது. கேட்டு எழுதுகிறவனின் நம்பகத்தன்மைக்கு ஒரு கட்டம் போட மறந்துவிட்டாய். ஒரு ஆள் சொல்வது கேனத்தனமாகத் தெரிகிற இடத்தில்தான் உன் பேனா ஓட வேண்டும். அங்கே நீ நல்லது செய்வதாக நினைத்து ஒரு சொல்லைத் திருத்தினால், அவன் சொன்னது செத்தது. உனக்குப் பிடித்த விளக்கத்துக்கும் இதுதான் சட்டம். அம்மா கான் பக்கமிருந்து வந்தது என்கிறாள். மண்ணிலிருந்து கிளம்பியது என்று நீ துள்ளுவாய். சூடே இல்லை என்கிறாள். எரிகிற சிலிக்கனுக்குச் சூடு எங்கே போனது என்று உனக்கு இடிக்கும், அதை மெல்ல விட்டுவிடலாமா என்று கை அரிக்கும். விடாதே. உன் கை என் கைதான், அதனால்தான் பயப்படுகிறேன்.

உன் போட்டோவையும் கேள்வியையும் நேற்று அம்மாவிடம் சொன்னேன். எனக்கு அடி விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவனுமா?" என்றாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, திரும்ப ஒரு தடவை சொல், இந்தத் தடவை அப்படியே எழுதுகிறேன் என்று கெஞ்சினேன். சொன்னாள். ஒரு சொல் மாற்றாமல் தமிழில் எழுதினேன். அர்ச்சுனனைக்கூட எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, பேனாவை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "நீங்க வாசிச்சது சரிதாங்க. தாளுல அதுதான் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கடையில் சாமான் சரியா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "மகன் வரட்டும். அவன்கிட்டச் சொல்றேன். ஆனா நீங்க அப்ப வீட்ல இருக்கக் கூடாது" என்றாள்.

அந்த மூன்று பக்கத்தையும் உனக்கு அனுப்பவில்லை. கையெழுத்து இல்லாத தாளுக்கு மதிப்பில்லை. பயணத்துக்கு முன்னால் இரண்டு நாள் ஒதுக்கி வா. அவள் சொல்வதைச் சொன்னபடி எழுது, அவள் பெயரை முழுதாகப் போடு, விசாரணைத் தாளுக்குக் கீழே, மொழிபெயர்த்தவன் பொய் சொன்னான், அவன் என் அப்பா என்று எழுதி வை. வருகிற நாளை அம்மாவிடம் சொல், என்னிடம் சொல்லாதே. அவள் போகச் சொல்கிற நேரத்தில் நான் ருவான்வெல்லை பஸ்சில் ஏறிவிடுவேன். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் உனக்கு விருப்பம் இருந்தால் எனக்கு போன் பண்ணு, வீட்டுக்கு வருகிறேன்.

அப்பா